சீனத்து வேரும் உன் மாமனாரின் கறுத்த தலையும்

ஜெரோம்,

நேற்று சாயங்காலம் போனில் நான் போட்ட சத்தத்தில் நீ பயந்திருப்பாய். உன்னோடு கப்பலில் நின்றிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். "அந்தப் பொடிய இப்பவே தூக்கிக் கடாசு" என்று மூன்று தடவை கத்தினேன். "இன்னாத்துக்கு நைனா?" என்று நீ கேட்டாய். "எய்தி அனுப்பறேன், படிச்சுக்கோ. அதுவரைக்கும் ஒரு சிட்டிகைகூட வாயில வைக்காத" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். இந்தக் காகிதங்களை நானே போட்டோ பிடித்து உனக்கு அனுப்புகிறேன். மெர்சியிடம் கொடுத்து அனுப்பச் சொன்னால் அவள் படித்துவிடுவாள். அவள் படிப்பதும் படிக்காததும் அப்புறம் உன் விருப்பம்.

நேற்று சாயங்காலம் மெர்சி நம் வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம், மூச்சு வாங்குகிறது, இருந்தாலும் வாரம் ஒருமுறை திருவொற்றியூரில் அவள் அப்பா வீட்டிலிருந்து எங்களைப் பார்க்க வந்துவிடுகிறாள். உன் அம்மா நறுக்கிக் கொடுத்த மாங்காயைத் தின்றுகொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "அவருக்கு முன்நெத்தியில முடி கொட்டுதாம் மாமா. எங்கப்பாவுக்கு வாங்கிட்டு வந்தாரே, அதே சீனாப் பொடிய இவரும் வாங்கி நாலு நாளா சாப்பிடுறாராம். அப்பாவுக்குத்தான் நல்லா வேலை செஞ்சுதே, லிவர் டெஸ்ட்கூட நார்மல்னு வந்துச்சேன்னு சொல்றார்." உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வாசலுக்கு வந்து உனக்குப் போன் போட்டேன். ஜெரோம், உன் மாமனாருக்கு வேலை செய்தது அந்தப் பொடி இல்லை. அவர் ஒரு நாள்கூட அதைச் சாப்பிட்டதில்லை. சாப்பிட்டவன் நான்.

இனி ஆரம்பத்திலிருந்து வருகிறேன். உன் மாமனாரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதை எழுதும் இந்த நிமிஷமும் எரிகிறது. உன் கல்யாணத்தன்று ராயபுரத்தில் கோயில் படிக்கட்டில் எல்லோரையும் நிறுத்திப் போட்டோ எடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் போட்டோக்காரன் என்னைப் பார்த்து, "பெரியவரே, நீங்க பையனோட தாத்தாதானே? கொஞ்சம் ஓரமா நில்லுங்க. பொண்ணோட அப்பா நடுவுல வரட்டும்" என்றான். உன் மாமனார் என்னைவிட நாலு மாசம் பெரியவர். இரண்டு பேருக்கும் இப்போது அறுபத்து மூன்று. அவருக்குத் தலை நிறையக் கறுத்த முடி, எனக்கு இருந்த கொஞ்சமும் உப்பு மூட்டை மாதிரி வெளுத்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அப்புறம்தான் "அவர்தான்பா எங்க நைனா" என்றாய். அந்தச் சிரிப்புக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? இரண்டு விநாடி இருக்கும். ஆல்பத்தில் அந்தப் படத்தைத் திறந்து பார், நான் ஓரத்தில் பாதித் தோளோடு நிற்கிறேன்.

அதற்குப் பிறகு நீ எப்போது போன் செய்தாலும் பத்து வார்த்தையில் ஒரு வார்த்தை "மாமா சொன்னார்." பல்லுக்கு எந்த டாக்டர், பிள்ளை பிறந்தால் எந்த ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் மாமா சொன்னார். அதையெல்லாம்கூட விட்டுவிட்டேன். போன வருஷம் இரண்டு கப்பல் கம்பெனி உன்னைக் கூப்பிட்டபோது எதில் சேரலாம் என்று நீ அவரைக் கேட்டாய். துறைமுகத்தில் முப்பத்து நாலு வருஷம் கிரேன் ஓட்டியவன் நான். எந்தக் கம்பெனி ஆளைப் பிழிவான், எந்தக் கப்பலில் சோறு ஒழுங்காகப் போடுவான் என்று மேலே உட்கார்ந்தே சொல்லுவேன். அவர் திருவொற்றியூர் தேரடியில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர். துவரம்பருப்பு மூட்டையைத் தவிர வேறு சரக்கு ஏற்றி இறக்கிப் பார்க்காத மனிதரிடம் நீ கப்பலைப் பற்றி யோசனை கேட்டாய். முடிவு செய்த பிறகு எனக்குச் சொன்னாய். நான் "நல்லதுபா" என்றேன். வேறென்ன சொல்ல?

என் மேலும் தப்பு இருக்கிறது. ஒவ்வொரு தடவை நீ கிளம்பும்போதும் "நைனா, உனக்கு இன்னா வாங்கியாரட்டும்?" என்று கேட்பாய். "எனக்கு இன்னாத்துக்கு, ஒண்ணியும் வேணாம்" என்பேன். இன்னொரு தடவை கேட்டால் சொல்லலாம் என்று மனசுக்குள் ஒன்று தயாராக வைத்திருப்பேன். நீ ஒரு தடவைக்கு மேல் கேட்க மாட்டாய். அவர் கேட்டதும் சொல்லிவிடுவார். அவ்வளவுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம், இப்போது யோசித்தால்.

போன வருஷம் லீவில் வந்தபோது பெட்டியைத் திறந்து எனக்கு முதுகை அமுக்கிவிடும் மெஷின் ஒன்றைக் கொடுத்தாய். சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன். அப்புறம் உள்ளே போய் உன் மாமனாரிடம் போனில் பேசினாய். கதவு திறந்துதான் இருந்தது. "மாமா, நீங்க கேட்ட பொடி கெடச்சிடுச்சு. ஹீ ஷோ வூன்னு பேரு. ஹீன்னு ஒரு கெழவர் இருந்தாராம் அந்த ஊர்ல. இந்த வேரத் தின்னு தின்னு அவருக்கு நரைச்ச முடியெல்லாம் கறுத்து, அதுக்கப்புறம் புள்ளைங்க வேற பொறந்துதாம். அவரு பேரையே வேருக்கு வச்சிட்டாங்க. தினம் ஒரு ஸ்பூன் வெந்நீர்ல கலக்கிக் குடிக்கணும்னு கடைக்காரன் சொன்னான். ஒடம்புக்குத் தெம்பு, வயசாவறது தெரியாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். வயசாவதே தெரியாத அந்த வேரை ஏற்கெனவே கறுத்த தலைக்காரருக்கு வாங்கிவந்திருக்கிறாய். வெளுத்த தலைக்காரனுக்கு முதுகு அமுக்கும் மெஷின்.

மறுநாள் காலையில் நீயும் மெர்சியும் உன் அம்மாவும் பூசைக்குப் போனீர்கள். முட்டி வலிக்கிறது என்று நான் வீட்டில் இருந்துகொண்டேன். உன் பெட்டியிலிருந்து அந்த டப்பாவை எடுத்தேன். பழுப்பும் கறுப்புமாகப் பொடி, மண்வாசம் அடித்தது. அதைக் காப்பித்தூள் பாட்டிலில் கொட்டி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன். ஆட்டோ பிடித்து வண்ணாரப்பேட்டையில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய்க் கரிசலாங்கண்ணிப் பொடியும் நெல்லிமுள்ளிப் பொடியும் வாங்கிவந்து, இரண்டையும் கலந்து உன் டப்பாவை நிரப்பினேன். நிறம் கிட்டத்தட்ட ஒத்துவந்தது. நீங்கள் திரும்பி வரும்போது நான் கட்டிலில் படுத்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா, "ரொம்ப நோவுதா?" என்று கேட்டு எனக்கு இட்லி எடுத்துவந்து கொடுத்தாள். அன்று சாயங்காலம் நீ அந்த டப்பாவைத் திருவொற்றியூருக்கு எடுத்துப்போய் அவர் கையில் கொடுத்தாய். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் என்று வந்து சொன்னாய்.

நீ கப்பலுக்குத் திரும்பிய நாளிலிருந்து நான் தினமும் காலையில் மாடிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறேன் என்று சொல்லி மேலே ஏறினேன். அவர் ஒரு ஸ்பூன் சாப்பிடுவார் என்று கணக்குப் போட்டு நான் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டேன். முதல் வாரம் வயிறு பிடுங்கியது, வெளியே போய்க்கொண்டே இருந்தது. உடம்பில் உள்ள கசடெல்லாம் கழிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் மாதம் கண்ணாடியில் பார்த்தபோது காதுக்கு மேலே நாலைந்து முடி கறுப்பாகத் தெரிந்தது. மெய்யா, என் கண்ணுக்குத்தான் அப்படியா, இன்றுவரை தெரியாது. அப்போது தெருவில் ஓடலாம் போல இருந்தது.

மூன்றாம் மாதம் மீன் வாசம் பிடிக்காமல் போனது. காசிமேட்டுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு மீன் குழம்பு கொதிக்கும்போது குமட்டியது. உடம்பெல்லாம் அரிப்பு. சிறுநீர் டீத்தண்ணி நிறத்தில் போனது. ஒரு நாள் வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா என் முகத்தைத் தூக்கிப் பிடித்து, "யோவ், இன்னாயா கண்ணு மஞ்சளா கீது?" என்றாள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தாள். மூன்று நாளில் அதிகமானதே தவிரக் குறையவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அங்கே ஒரு டாக்டரம்மா, உன் வயசுதான் இருக்கும், மெதுவாகப் பேசுவார். "குடிப்பீங்களா?" என்றார். இல்லை என்றேன். "நாட்டு மருந்து, லேகியம், பொடி எதாவது?" அதற்கும் இல்லை என்றேன். கிருமியால் வரும் காமாலைக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தார்கள், எதுவும் இல்லை. அவர் உன் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். உன் அம்மா உள்ளதைச் சொன்னாள், "முன்ன குடிச்சுகினு இருந்தாரு டாக்டர். வுட்டு வருசமாச்சு." அதற்கப்புறம் அந்த வார்டில் எல்லோருடைய பார்வையும் மாறிவிட்டது.

நீ ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது துறைமுக கேட்டுக்கு வெளியே நான் விழுந்து கிடந்ததையும், நீ பள்ளிக்கூட டிரஸ்ஸோடு வந்து என்னைத் தூக்கியதையும் நான் மறக்கவில்லை. ரிக்ஷாவில் வரும்போது நீ என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் கடைசி. பதினெட்டு வருஷம் ஒரு சொட்டு தொட்டதில்லை. அதனால்தான் நீ ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "நைனா, உண்மைய சொல்லு. மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. இல்லை என்று சொன்னால், அப்புறம் எதனால் என்று கேட்பாய். குடிகாரன் என்றாவது நினைத்துக்கொள்ளட்டும், மாமனாருக்கு மகன் கொடுத்த மருந்தைத் திருடித் தின்றவன் என்று தெரிய வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன். நான் பேசாததை நீ ஆமாம் என்று எடுத்துக்கொண்டாய். "சே" என்றாய். போன் கட்டாகிவிட்டது.

உன் மாமனார் தினமும் வந்தார். இளநீர், ஆரஞ்சு, பிரெட். ஒரு நர்ஸ் என்னிடம், "ஐயா, உங்க தம்பி வந்திருக்காரு" என்றாள். அவர் அதைக் கேட்டுவிட்டுச் சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். நான்காம் நாள் பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்தார். "சம்பந்தி, மாப்பிள்ளை வாங்கிட்டு வந்தது. மூணு மாசமாச் சாப்பிடுதேன். வயிறு சுத்தமா இருக்கு, தலையைப் பாருங்க, ஒரு நரை கெடையாது. பாதிய உங்களுக்குன்னு கொண்டுவந்தேன்" என்று ஒரு காகிதத்தில் பிரித்துக் கட்டவே ஆரம்பித்துவிட்டார். நான் வாங்கிவந்து கலந்த கரிசலாங்கண்ணியை எனக்கே பங்கு வைத்துக் கொடுக்கிறார். அழவா, சிரிக்கவா?

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வந்துவிட்டார். டப்பாவை வாங்கி மேலே இருந்த இங்கிலீஷ் பேரைப் படித்ததும் அவர் முகம் மாறியது. "இத யார் சாப்பிடுறது?" என்றார். "நாந்தான்" என்றார் உன் மாமனார். "இந்த வேரால ஈரல் கெட்டு வந்தவங்க இருக்காங்க. உடனே நிறுத்துங்க. உங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணும்" என்று அவரைக் கையோடு கூட்டிப்போய் ரத்தம் எடுக்க வைத்தார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இல்லாமல் எப்படி இருக்கும்? அதைத்தான் அவர் ஊரெல்லாம் சொன்னார். மூணு மாசம் சாப்பிட்டேன், டெஸ்டும் எடுத்துப் பார்த்துட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்று உன்னிடமும் சொல்லியிருக்கிறார். நீ அதை நம்பி உனக்கும் ஒரு டப்பா வாங்கியிருக்கிறாய். பார்த்தாயா, நான் செய்தது எங்கே சுற்றி எங்கே வந்து நிற்கிறது என்று.

டாக்டரம்மா சொன்னது என் காதிலும்தான் விழுந்தது. ஆஸ்பத்திரியில் பொடி இல்லாததால் பன்னிரண்டு நாளில் மஞ்சள் இறங்கிவிட்டது. அத்தோடு அந்தப் பாட்டிலைக் கொட்டியிருக்க வேண்டும். இரண்டு மாதம் கொட்டாமல், தொடாமல்தான் இருந்தேன். மெர்சி வளைகாப்பு வந்தது. நீ வீடியோவில் வந்தாய். அவரைப் பார்த்து, "மாமா, போகப் போக எளமையாயிட்டே போறீங்களே" என்றாய். போன் என் பக்கம் திரும்பியது. "எளைச்சிட்ட நைனா" என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஒயுங்கா கீறியா?" என்றாய். அந்த "ஒயுங்கா"வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? மறுநாள் காலையில் மாடிக்கு ஏறினேன். அவருக்கு ஒத்துக்கொண்டது எனக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அவர் அதைச் சாப்பிடவே இல்லை என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும், ஜெரோம். தெரிந்தும் அப்படி நினைத்தேன். பொறாமை வந்தால் மூளை இப்படித்தான் வேலை செய்யும்.

இந்தத் தடவை மூன்று மாதம் எடுக்கவில்லை. பத்தாம் நாளே கண் மஞ்சளாகி, மறுபடி அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்க நேரமானது. யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று இரண்டு நாள் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். தெளிந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். தினமும் காலையில் தலையணையைச் சரி செய்வது போல உன் அம்மா என் முகத்துக்கிட்டே குனிவாள். என் வாயை மோந்து பார்க்கிறாள் என்று நாலாவது நாள்தான் புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.

நீயும் உன் மாமனாரும் பேசி, என்னைக் குடியை நிறுத்தும் இல்லத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்தீர்கள். ஒரு மத்தியானம் அவர் அதற்கான விண்ணப்ப ஃபாரத்தோடு வந்தார். உன் அம்மா சாப்பிடப் போயிருந்தாள். பேனாவைத் திறந்து என் கையில் வைத்து, "ஒரு கையெழுத்துப் போடுங்க சம்பந்தி. பேரப்பிள்ளை வாறதுக்குள்ள நல்லாயிருவிய" என்றார்.

"நான் குடிக்கல" என்றேன்.

"சரி. எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாவ. போடுங்க."

"மெய்யாலுமே குடிக்கல. ஒங்களுக்கு ஜெரோம் குட்த்தான் பாரு ஒரு பொடி, அத நான் துன்னேன்."

அவர் புரியாமல் பார்த்தார். "அது என் வீட்டுலல்லா இருக்கு?"

"ஒங்க வூட்ல கீறது கரிசலாங்கண்ணி. நான் மாத்திட்டேன்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். போட்டோக்காரனிலிருந்து ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல், எதிர்க்கட்டில் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முடித்ததும் அவர் ஃபாரத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். உனக்குத்தான் போன் பண்ணப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். நம் வீட்டு மொட்டைமாடி ஏறி, தொட்டிக்குப் பின்னாலிருந்து அந்தப் பாட்டிலைச் சட்டைக்குள் மறைத்து எடுத்து வந்திருந்தார். கூடவே டாக்டரம்மா. "சொல்லுங்க சம்பந்தி, அவங்ககிட்டயும் சொல்லிருங்க. ஈரல் விஷயம்" என்றார்.

டாக்டரம்மா திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் சொன்னதை உனக்காகக் கவனமாக எழுதுகிறேன். அந்த வேரைச் சீனாவில் ரொம்பக் காலமாக மருந்தாகக் கொடுத்து வருகிறார்கள். பச்சையாகக் காயவைத்தது வயிற்றை இளக்கும். கறுப்பு சோயா சாற்றில் வேகவைத்துப் பதப்படுத்தியதைத் தெம்புக்கும் முடிக்கும் கொடுக்கிறார்கள். முடி கறுக்கும் என்பது நம்பிக்கைதான், உறுதியாகச் சொல்லும்படி இல்லை. நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சிலருக்கு ஈரலைக் கெடுத்துவிடும். பதப்படுத்தியதும் கெடுக்கும், கொஞ்சமாகச் சாப்பிட்டாலும் கெடுக்கலாம். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும், சிலர் பிழைக்காமல் போவதும் உண்டு. ஒரு தடவை வந்தவர் மறுபடி தொட்டால் இன்னும் வேகமாக வரும். "மொத நாளே சொல்லியிருந்தா ரெண்டாவது தடவை வந்திருக்காது ஐயா" என்றார். போகும்போது திரும்பி, "யாருக்கு ஒத்துக்காதுங்கிறது பிறவியிலேயே வர்றதா இருக்கலாம். உங்க பிள்ளைங்ககிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க" என்றார்.

அவர் போனதும் உன் மாமனார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அப்போ இவ்வளவு நாளும் நான் கரிசலாங்கண்ணியத்தான் தின்னேன்?" என்று கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அப்புறம் என் காதுக்கிட்டே வந்து, "தலைக்கு நான் இருவது வருசமா டை அடிக்கேன் சம்பந்தி. மாப்பிள்ளை என்ன வேணும்னு கேட்டாவ. அது மலச்சிக்கலுக்குக் கேக்கும்னு கடைக்கு வாற ஒருத்தர் சொன்னாரு. மாப்பிள்ளைகிட்ட மலச்சிக்கல்னா சொல்ல முடியும்? முடிக்குன்னு சொன்னேன். ஆனா நீங்க குடுத்தது நல்லாத்தான் கேட்டுச்சு" என்றார்.

என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நாலு வார்த்தை கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டு, மனசு சமமாகியிருக்கும். அவர் சிரித்தார், ஃபாரத்தைக் கிழித்தார், "மாப்பிள்ளைகிட்ட நான் சொல்ல மாட்டேன், சொல்ல வேண்டியவிய நீங்க" என்றார். சொன்னபடியே இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. பெண்ணிடம்கூடச் சொல்லவில்லை. அதிலும் அவர்தான் ஒரு படி மேலே நிற்கிறார். மூன்று வாரமாக அவர் வாசலில் வந்து "சம்பந்தி" என்று கூப்பிடும்போதெல்லாம் அந்த மௌனம் என் மேல் பாறாங்கல் மாதிரி உட்காருகிறது.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் சொன்னேன். "நீ மறுபடியும் குடிச்சிட்டன்னு நெனச்சு நான் மாதாகிட்ட எவ்ளோ அய்துகினு கீறேன் தெரியுமா?" என்றாள். பிறகு, "அவன்கிட்ட நீயே சொல்லு. நான் நடுவுல வரமாட்டேன்" என்றாள். எனக்கு ஏதோ மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் உன்னிடம் சொல்லிவைத்தோம். நீ நம்பவில்லை. அப்பாவைக் காப்பாற்ற அம்மா பொய் சொல்கிறாள் என்று நினைத்தாய். அதற்கப்புறம் நீ பேசும்போதெல்லாம் "சாப்டியா, தூங்கினியா" அளவில் நிற்கிறது. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை போனை எடுத்தேன். நீ "மாமா எப்படி இருக்கார்?" என்று கேட்பாய். "நல்லா கீறாரு" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன். உனக்கு முடி கொட்டவில்லை என்றால் நான் சாகிறவரை சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பொடியை எறிந்தாயா, இல்லையா என்று எனக்கு இன்றைக்கே எழுது. அடுத்த துறைமுகத்தில் இறங்கியதும் ஈரலுக்கு ரத்தம் கொடுத்துப் பார். நாலு நாள்தான் என்று அசட்டையாக இருக்காதே, உன் உடம்பில் ஓடுவது என் ரத்தம். சிறுநீர் நிறம் மாறினாலோ, அரித்தாலோ, சோறு பிடிக்காமல் போனாலோ கப்பலில் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லு. எந்த டாக்டர் கேட்டாலும் வாய்க்குள் போட்டதை ஒன்று விடாமல் சொல்லு. வேர்தானே, இலைதானே என்று நினைக்காதே. வெட்கப்பட்டு மறைத்ததால்தான் நான் இரண்டாவது தடவை படுத்தேன். முடி போனால் போகட்டும். உன் பிள்ளை உன்னை வழுக்கைத் தலையோடு பார்த்தால்தான் என்ன, அதற்கு வேறு அப்பாவா இருக்கிறார்?

இன்னொன்றும் இருக்கிறது. உனக்கும் ஒரு பிள்ளை வரப்போகிறது. அது வளர்ந்து ஒரு நாள் வேறு யாரையோ பெரிதாக நினைக்கும். ஒரு வாத்தியாராக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். உனக்கு எரியும். எரியாது என்று சொல்கிறவனை நம்பாதே. எரியும்போது போய் அந்தப் பிள்ளையிடமே "எனக்கு எரியுதுடா" என்று சொல்லிவிடு. அசிங்கமாகத்தான் இருக்கும். நான் சொல்லாமல் வைத்திருந்த அசிங்கத்தைவிட அது சின்னது. எனக்கு இன்னும் அது போய்விடவில்லை. உன் மாமனார் நல்லவர், அதை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டே தருகிறேன், ஆனால் நல்லவர் என்பதால் எரிச்சல் குறைந்துவிடுவதில்லை.

அடுத்த மாதம் பிரசவத்துக்கு நீ வரும்போது விமான நிலையத்துக்கு அவர் தன் காரில் வருவார். என்னையும் அதே காரில் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்போம். நீ வெளியே வந்ததும் இரண்டு தலையும் உன் கண்ணில் படும், அவருடைய கறுப்புத் தலைதான் முதலில் தெரியும், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டு முதலில் என்னிடம் வா, ஜெரோம். ஒரு நிமிஷம் என்னோடு நில். அப்புறம் அவரிடம் போ, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொண்டிரு. நான் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பதிலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
நைனா